பந்த் விட்ட பந்து

டெல்லித் தமிழனுக்கு 2019-ல் ஒரு தனி இம்சை இருந்தது. வாரநாட்களில் ஆபீஸில் பாதிப் பேர் ரிஷப் பந்த் கட்சி. ஞாயிற்றுக்கிழமை ஆர்.கே.புரம் மலை மந்திருக்குப் போனால் பிரசாத வரிசையில் நிற்கிறவர்கள் மொத்தமும் தோனி கட்சி. அதிலும் நாலு பேர் "நம்ம தினேஷ் கார்த்திக்குக்கு என்னய்யா குறைச்சல்?" என்று தனிக்கட்சி. இந்த மூன்று கட்சியிலும் சேராமல் கிரிக்கெட் பார்க்க முடியும் என்று யாரும் நம்பத் தயாராக இல்லை. பாளையங்கோட்டையில் பி.காம் முடித்துவிட்டு வங்கி வேலைக்கு வந்த எனக்கு டெபிட்டும் கிரெடிட்டும் தெரியும். இந்தக் கணக்கு மட்டும் எந்த லெட்ஜரிலும் ஒட்டவே இல்லை.

முதலில் ஏன் பந்த் எங்களுக்கு ஏரியா பையன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் கிளை இருப்பது சாணக்யபுரியில். சுற்றிலும் தூதரகங்கள், அகலமான ரோடு, ரோடு ஓரம் முழுக்க மரம். ரிங் ரோடு பக்கம் திரும்பினால் மோதி பாக் குருத்வாரா. இன்னும் கொஞ்சம் போனால் தௌலா குவான் அருகே ஸ்ரீ வெங்கடேஸ்வரா கல்லூரி. திருப்பதி தேவஸ்தானத்தின் கல்லூரி, 1961-ல் ஆரம்பித்தது. அந்தக் கல்லூரி மைதானத்தில்தான் சானெட் கிளப்பின் வலைப்பயிற்சி நடந்தது. தாரக் சின்ஹா என்கிற கோச் நடத்திய கிளப். மனோஜ் பிரபாகர், ரமன் லாம்பா, ஆகாஷ் சோப்ரா, நெஹ்ரா, ஷிகர் தவன் எல்லாம் அந்தக் கிளப் வழியாக வந்தவர்கள். ரூர்க்கியிலிருந்து பஸ் ஏறி, அம்மாவைக் கூட்டிக்கொண்டு, தங்க இடமில்லாமல் மோதி பாக் குருத்வாராவில் தங்கி அங்கே பயிற்சிக்குப் போன பையன் பந்த். எங்கள் ஹெட் கேஷியர் சர்தார்ஜி அந்த குருத்வாராவுக்குத் தவறாமல் போகிறவர். "லங்கர் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை சார், அவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது" என்பார். ஒரு வார்த்தை பேசினால் அன்றைக்கு எனக்குச் சில்லறை கிடைக்காது. :-)

சரி, விஷயத்துக்கு வருவோம்.

2019 மார்ச் 10, மொஹாலி. ஆஸ்திரேலியாவோடு நாலாவது ஒருநாள் போட்டி. நம்மவர்கள் 358 அடித்திருந்தார்கள், தவன் மட்டும் 143. கடைசி இரண்டு ஆட்டங்களுக்கு தோனிக்கு ஓய்வு. கீப்பர் பந்த், வயது 21. ஹேண்ட்ஸ்கோம்ப் சதம் அடித்து அடித்தளம் போட, ஆஷ்டன் டர்னர் என்கிற புதுப் பையன் வந்து 43 பந்தில் 84 அடித்து 13 பந்து மிச்சமிருக்கும்போதே கதையை முடித்துவிட்டான். நடுவில் சாஹல் பந்தில் டர்னர் இறங்கி வந்து கோட்டை விட்டார். ஸ்டம்பிங். கையில் வந்த பந்தைப் பந்த் விட்டார். குல்தீப் பந்தில் ஹேண்ட்ஸ்கோம்ப்புக்கும் ஒன்று போயிற்று. பிறகு தோனி மாதிரி ஸ்டம்பைப் பார்க்காமலே கையைப் பின்னால் தட்டிவிட்டு ரன் அவுட் செய்யப் பார்த்தார், அது ஒரு ரன்னாகப் போனது. கூட்டம் ஆரம்பித்தது: தோனி... தோனி...

அந்தக் கூச்சல் அன்றோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அது ஒரு பழக்கமாகிவிட்டது. பந்த் ஒரு பந்தைத் தட்டிவிட்டால் ஸ்டேடியம் முழுக்க இன்னொருவர் பெயர். அந்த வருஷம் டிசம்பரில் கேப்டன் கோலியே வாய் திறந்து, இது அந்தப் பையனுக்குச் செய்கிற மரியாதை இல்லை என்று சொல்ல வேண்டி வந்தது.

நேரு பார்க்கில் என்னோடு காலையில் நடக்கிற கும்பகோணத்து மாமா ஒருவர் இருக்கிறார், மத்திய அரசு ஆடிட்டராக இருந்து ரிடையர் ஆனவர். மொஹாலிக்கு அடுத்த நாள் காலை அவர் சொன்னது: "இவன் பொறுப்பே இல்லாத பிள்ளைடா. அந்த ஒரு ஸ்டம்பிங் நாலு கோடிப் பேர் தூக்கத்தைக் கெடுத்துது."

"மாமா, 358 அடிச்சும் பௌலிங்ல காப்பாத்த முடியல. அதுக்கு யார் பேரைச் சொல்லிக் கத்தறது?"

"அது வேற, இது வேற."

எப்படி வேறு என்று அவர் சொல்லவில்லை. வாழ்நாள் முழுக்க ஆடிட் அப்ஜெக்‌ஷன் எழுதியவருக்கு விளக்கம் கேட்கத்தான் தெரியும், கொடுக்கத் தெரியாது.

ஆனால் வேறுதான். அதை நான் எங்கள் கேஷ் கவுண்டரில் வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும். ஒரு கேஷியர் நாள் முழுக்கக் கட்டுக்கட்டாக எண்ணுகிறார். சாயங்காலம் கணக்கு நேரானால் யாரும் கை தட்டுவதில்லை, "டேலி ஆச்சா, சரி" என்று சாவியைக் கொண்டுவந்து வைப்போம். ஒரு ஐந்நூறு ரூபாய் ஷார்ட் ஆகட்டும், மொத்தக் கிளைக்கும் தெரிந்துவிடும், பணமும் அவர் கையிலிருந்து கட்ட வேண்டும். விக்கெட் கீப்பர் வேலை அதுதான். டெஸ்டில் ஒரு முழு நாள் என்றால் 90 ஓவர், 540 பந்து. 540 தடவை உட்கார்ந்து எழ வேண்டும். ஒழுங்காகப் பிடித்த பந்துக்கு ஸ்கோர் புத்தகத்தில் கட்டமே கிடையாது. விட்டதற்கு மட்டும் 'பை' என்று தனியாக ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள்.

அதிலும் ஸ்டம்பிங் ரொம்பக் கஷ்டமான ஐட்டம். பேட்ஸ்மேன் இறங்கி வரும்போது அவர் உடம்பே பந்தை மறைக்கும். மட்டையில் படும் என்று நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை தோன்றும். படாது என்று நம்பிக் கையை வைத்திருக்கிறவனுக்குத்தான் பந்து ஒட்டும். பந்து எழும்பும்போதுதான் தானும் எழ வேண்டும், அரை நொடி முன்னால் எழுந்தால் பந்து கைக்குக் கீழே போய்விடும். அவசரப்பட்டு ஸ்டம்ப் பக்கம் கையை இழுத்தால் பந்து கையுறையில் தட்டி விழும். இது பழகப் பழக வருகிற விஷயம். 21 வயதில் வராவிட்டால் 24-ல் வரும். வந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தோனி கட்சிக்காரர்கள் மறந்துபோன ஒரு வரலாறு உண்டு. தோனிக்கு முன்னால் நம்மிடம் கீப்பர் நாற்காலியில் நடந்தது மியூசிக்கல் சேர். 1999-லிருந்து 2004-க்குள் எம்.எஸ்.கே. பிரசாத், மோங்கியா, சபா கரீம், எங்கள் டெல்லி விஜய் தாஹியா, சமீர் திகே, தீப் தாஸ்குப்தா, அஜய் ராத்ரா என்று வந்தார்கள், போனார்கள். 2002-ல் பார்த்திவ் படேல் வந்தபோது வயது 17, மீசை கூட முளைக்கவில்லை. ஒருநாள் போட்டியில் பாவம் திராவிட் தலையில் கையுறையைக் கட்டி 2003 உலகக் கோப்பையையே ஓட்டினோம். 2004 செப்டம்பரில் லார்ட்ஸில் நம்ம சென்னைப் பையன் கார்த்திக் முதல் ஒருநாள் ஆட்டத்திலேயே மைக்கேல் வானைப் பறந்து ஸ்டம்பிங் செய்தார். அப்பாடா என்று உட்கார்ந்தோம். மூன்றே மாதத்தில் சிட்டகாங்கில் ராஞ்சியிலிருந்து நீள முடியோடு ஒருவர் இறங்கினார், முதல் ஆட்டத்தில் பூஜ்யத்துக்கு ரன் அவுட். அப்புறம் பதினைந்து வருஷம் அந்த நாற்காலி காலியாகவே இல்லை.

பதினைந்து வருஷம் ஒருவர் ஒரு சீட்டில் உட்கார்ந்தால் அவருடைய முதல் வருஷம் யாருக்கும் நினைவிருக்காது. மொஹாலியில் கத்தியவர்கள் 37 வயசு தோனியையும் 21 வயசு பந்தையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார்கள். இது புதுசாகச் சேர்ந்த ப்ரொபேஷனரை ரிடையர் ஆகப்போகிற சீனியர் மேனேஜரோடு ஒப்பிடுகிற மாதிரி. எங்கள் ஆபீஸிலும் இது தினசரி நடக்கும், அங்கே என்ன கத்த மாட்டார்கள், முணுமுணுப்பார்கள்.

கார்த்திக் கட்சிக்கு 2019 ஏப்ரல் 15 தீபாவளி. உலகக் கோப்பை அணியில் தோனிக்கு மாற்று கீப்பர் கார்த்திக், பந்துக்கு இடமில்லை. தேர்வுக்குழுத் தலைவர் அதே எம்.எஸ்.கே. பிரசாத். முக்கியமான ஆட்டத்தில் கீப்பிங் முக்கியம் என்று காரணம் சொன்னார். கீப்பராக ஆடி வெளியேறியவர் சொன்னதால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது என்றுதான் நினைத்தேன். சர்தார்ஜி என்னோடு இரண்டு நாள் டீ குடிக்க வரவில்லை. 'மதராஸி லாபி' என்று வேறு ஒரு முணுமுணுப்பு கேட்டது. பிரசாத் ஆந்திராக்காரர் என்று விளக்கப் போகவில்லை. டெல்லியில் விந்தியத்துக்குத் தெற்கே எல்லாம் ஒரே ஊர்தான்.

பிறகு தவன் கட்டை விரலை உடைத்துக்கொள்ள, பந்த் இங்கிலாந்துக்குப் பறந்தார். ஜூலையில் மான்செஸ்டர் அரையிறுதி. நியூஸிலாந்துக்கு எதிரான அந்த ஆட்டத்தில் தோனி, கார்த்திக், பந்த் மூவரும் ஒரே பதினொன்றில் ஆடினார்கள்! கார்த்திக் 25 பந்தில் 6. பந்த் 56 பந்தில் 32, நிலைத்து நின்றபின் சான்ட்னரைத் தூக்கி அடித்து அவுட். தோனி 72 பந்தில் 50, கப்டில் எறிந்த த்ரோவில் ரன் அவுட். 18 ரன்னில் தோல்வி. மூன்று கட்சிக்கும் அன்று டெபாசிட் காலி. மறுநாள் பார்க்கில் அநியாய அமைதி.

எனக்கு நேரில் மண்டையில் ஏறியது அதே வருஷம் நவம்பர் 3. பங்களாதேஷோடு டி20, பழைய ஃபெரோஸ் ஷா கோட்லா, அப்போதுதான் அருண் ஜேட்லி ஸ்டேடியம் என்று பெயர் மாறியிருந்தது. டெல்லிப் புகை உச்சத்தில் இருந்த நாள். மாஸ்க் போட்டுக்கொண்டு ஜூனியரைக் கூட்டிப்போனேன். (தங்கமணி இதற்காக ஒரு வாரம் பேசவில்லை. அது தனிக்கதை.) ஜூனியருக்கு அப்போது 12 வயசு. அவனும் கீப்பர். ஏரியா கிளப் ஒன்றில் பதினாலு வயசுக்குட்பட்டோர் டீமில் கையுறை மாட்டிக்கொண்டிருந்தான், அவனைவிடக் கையுறை பெரிசு.

பத்தாவது ஓவரில் சாஹல் வீசினார். முஷ்ஃபிகுர் ரஹீம் இரண்டு தடவை எல்பிடபிள்யூ ஆகியிருக்க வேண்டும், நடுவர் கொடுக்கவில்லை, நம்மவர்களும் ரிவ்யூ கேட்கவில்லை. அதே ஓவரில் சௌம்யா சர்க்காருக்கு மட்டையில் பட்டது என்று பந்த் துடியாகத் துடித்து ரோஹித்தைச் சம்மதிக்க வைத்தார். ரிவ்யூ எடுத்தார்கள். படவில்லை. ரோஹித் சிரித்துவிட்டார். எங்கள் வரிசைக்குப் பின்னாலிருந்து ஆரம்பித்தது: தோனி... தோனி... இது டெல்லி. பந்தின் சொந்த மைதானம்.

அந்த ஆட்டத்தை நிஜமாகவே கெடுத்தது எது? பதினெட்டாவது ஓவரில் க்ருணால் பாண்டியா எல்லைக்கோட்டருகே முஷ்ஃபிகுர் கொடுத்த லட்டு மாதிரி கேட்சை விட்டார். அடுத்த ஓவரில் முஷ்ஃபிகுர் கலீல் அகமதை வரிசையாக நாலு பௌண்டரி அடித்தார். 60 நாட் அவுட். டி20-யில் பங்களாதேஷ் நம்மை ஜெயித்தது அதுவே முதல் தடவை. க்ருணால் விட்டபோது யாரும் யார் பெயரையும் சொல்லிக் கத்தவில்லை. அவர் இடத்தில் முன்னால் நின்ற சாமி யாரும் கிடையாது, அவ்வளவுதான். ரிவ்யூ விஷயத்தில் ரோஹித்தே பிறகு சொன்னார், முஷ்ஃபிகுர் குள்ளம் என்பதை மறந்துவிட்டோம் என்று. பௌலர், கேப்டன், கீப்பர் மூன்று பேர் சேர்ந்து எடுத்த தப்பு முடிவு அது. பில் மட்டும் ஒருவர் பெயரில்.

நாலே நாளில் ராஜ்கோட். சாஹல் பந்தில் லிட்டன் தாஸை ஸ்டம்பிங் செய்தார் பந்த். மூன்றாவது நடுவர் பார்த்தால், பந்தை ஸ்டம்புக்கு முன்னாலேயே பிடித்திருக்கிறார். மட்டையிலோ பேட்ஸ்மேன் மேலோ படாத பந்தை ஸ்டம்பைத் தாண்டியபிறகுதான் கீப்பர் பிடிக்கலாம். சட்டப்படி நோ பால், ஃப்ரீ ஹிட் வேறு. கொஞ்ச நேரத்தில் அதே லிட்டனை ரன் அவுட் செய்தது பந்த்தான். சௌம்யாவை முறைப்படி ஸ்டம்பிங் செய்ததும் அவர்தான், அப்போது பார்த்து பெரிய திரையில் தவறுதலாக 'நாட் அவுட்' என்று காட்டித் தொலைத்தார்கள். நேரம் சரியில்லை என்றால் மெஷினுக்குக்கூடத் தெரிந்துவிடும் போல.

இதற்கு அடுத்த வாரம் ஜூனியருக்கு ஒரு மேட்ச். கிளப் பெயர் வேண்டாம். பத்து மணி வெயிலில் நானும் பத்துப் பன்னிரண்டு பெற்றோர்களும் பிளாஸ்டிக் நாற்காலியில். ஆஃப் ஸ்பின்னர் போட்ட பந்தில் எதிரணிப் பையன் இறங்கி வந்தான், கோட்டை விட்டான். ஜூனியர் சீக்கிரம் எழுந்துவிட்டான். பந்து காலுக்கு நடுவில் போய் பை நாலு ரன். நாற்காலி வரிசையில் ஒரு அப்பா, நல்ல வேலையில் இருக்கிற மனுஷர், சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார்: "தோனி... தோனி..." இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். அவர்களுக்கு அது தமாஷ். அந்தப் பன்னிரண்டு வயசுப் பிள்ளைகளுக்கும் தமாஷ்தான், ஃபீல்டில் நின்ற எங்கள் டீம் பசங்களே சிரித்தார்கள். நான் எழுந்து போய் அந்த மனுஷரிடம், "பாய் சாப், பச்சா ஹை" என்றேன். "அரே, மஜாக் ஹை சார்" என்றார். ஜூனியர் கையுறையை முட்டியில் துடைத்துக்கொண்டு அடுத்த பந்துக்கு உட்கார்ந்தான். மீதி இன்னிங்ஸ் முழுக்க ஒரு பந்தும் விடவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வரும்போது ஸ்கூட்டரில் பின்னாலிருந்து கேட்டான், "ஏம்ப்பா, தோனி எவ்ளோ ஸ்டம்பிங் விட்டிருப்பாரு?" எனக்கு எண்ணிக்கை தெரியாது. விட்டிருப்பார் என்று மட்டும் சொன்னேன். ஜனவரியில் சீசன் முடிந்ததும் மிட் ஆஃபில் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டான். கோச்சும் சரி என்றுவிட்டார். கையுறை கட்டிலுக்குக் கீழே போயிற்று. நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்துகிற விஷயமும் இல்லை அது.

எங்கள் கிளைக்கு ஒரு அமெரிக்கர் வாடிக்கையாளராக இருந்தார். ரெமிட்டன்ஸ் பேப்பருக்காகக் காத்திருக்கும்போது டிவியில் ஓடிய கிரிக்கெட் சண்டையைப் பார்த்துவிட்டு என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். "எங்கள் ஊரில் இதற்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர்" என்றார். அவர்கள் கால்பந்தில் (காலால் ஆடுவதில்லை, அது வேறு விஷயம்) பந்தைக் கையில் வாங்கி யாருக்கு எறிவது என்று இரண்டு மூன்று நொடியில் முடிவெடுக்கிற ஆள். எறிந்ததை எதிரணி பிடித்துவிட்டால் பழி முழுக்க அவருக்கு. பேய்ட்டன் மேனிங் என்று ஒருவர், 1998-ல் முதல் வருஷம் எதிரணி கையில் 28 தடவை எறிந்து கொடுத்தாராம். புதுமுகங்களில் அதுதான் ரெக்கார்ட். டீம் 16-ல் 3 ஆட்டம்தான் ஜெயித்தது. ஆனாலும் அவரையே வைத்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் 13 ஜெயிப்பு. 2021-ல் அவரை ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். 28 தடவையும் மைதானத்தில் நின்று எறிய விட்டிருக்கிறார்களே என்பதுதான் எனக்கு ஆச்சரியம். நாம் 2019 அக்டோபரில் தென்னாப்பிரிக்க டெஸ்டுக்கே பந்தை உட்கார வைத்துவிட்டு சாஹாவைக் கொண்டுவந்தோம். 2020 ஜனவரியில் தலையில் அடிபட்டபோது ஒருநாள் அணியில் கையுறை கே.எல். ராகுலுக்குப் போனது, பந்த் பெஞ்சில்.

இங்கே சாஹாவைக் குறை சொல்லக்கூடாது, சுத்தமான கீப்பிங் என்றால் அவர்தான். கும்பகோணத்து மாமா சொல்வதில் இந்த இடம் மட்டும் நியாயம்: கீப்பர் முதலில் கீப் பண்ண வேண்டும். நான் அவரோடு ஒத்துப்போகாதது வேறு இடத்தில். ஸ்டம்பிங்கை விட்டது கைப்பழக்கக் குறை, அதற்கு மருந்து பயிற்சி. ரிவ்யூவில் தவறியது கண்ணும் ஆசையும் சேர்ந்து செய்தது. அதற்கு வயசு வேண்டும், பக்கத்தில் நிதானமான கேப்டன் வேண்டும். தூக்கி அடித்து அவுட் ஆவது மூன்றாவது வகை. அது அவர் கடன் கொடுக்கிற முறை. இதை வங்கிக்காரன்தான் சொல்ல முடியும். ஒரு கிளையில் வாராக்கடனே இல்லை என்றால் அந்த மேனேஜர் கெட்டிக்காரர் என்று அர்த்தமில்லை, பல சமயம் அவர் யாருக்கும் கடனே கொடுக்கவில்லை என்று அர்த்தம். கையெழுத்துப் போடாதவனுக்கு விளக்கக் கடிதம் வராது. பந்த் கையெழுத்துப் போடுகிற ஆசாமி. சிலது திரும்பி வராது. மாமா மூன்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி 'பொறுப்பில்லை' என்று லேபிள் ஒட்டிவிட்டார்.

2021 ஜனவரி, சிட்னி. முதல் நாள் புகோவ்ஸ்கி கொடுத்த கேட்சை இரண்டு தடவை விட்டார் பந்த். பழைய பாட்டு மறுபடி ஓடியது. ஐந்தாம் நாள் முழங்கை வலியோடு 118 பந்தில் 97. லயன் பந்தை அடிக்கப் போய் சதத்துக்கு மூன்று ரன் குறைவில் அவுட். அதற்கப்புறம் நம்ம அஸ்வினும் விஹாரியும் நின்று டிரா செய்தது உங்களுக்கே தெரியும். ஆனால் அந்த 97-ல் ஒரு விஷயம். லயன் பந்தில் பந்த் கொடுத்த கேட்சை இரண்டு முறை விட்டவர் ஆஸ்திரேலியாவின் கீப்பர் டிம் பெய்ன், கேப்டனும் அவரே, வயது 36. அடுத்த வாரம் பிரிஸ்பேனில் லயன் பந்தில் பந்த் இறங்கி வந்து கோட்டை விட்டபோதும் ஸ்டம்பிங்கை விட்டவர் பெய்ன்தான். ஜனவரி 19, பந்த் 89 நாட் அவுட், இலக்கு 328, மூன்று விக்கெட்டில் ஜெயித்தோம். 1988-க்கு அப்புறம் அந்த மைதானத்தில் ஆஸ்திரேலியா டெஸ்டில் தோற்றதே இல்லை. சர்தார்ஜி அன்று கிளைக்கே ஜிலேபி வாங்கினார். ஒரு பெரியவர் விட்ட ஸ்டம்பிங்கில்தான் எங்களுக்கு ஜிலேபி கிடைத்தது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் தட்டைப் பிடுங்கியிருப்பார்.

மாமாவுக்கு நான் காட்ட நினைத்தது அதுவல்ல, அடுத்த மாதம் சேப்பாக்கம். இங்கிலாந்தோடு இரண்டாவது டெஸ்ட். கொரோனாவுக்குப் பிறகு முதல் தடவையாகப் பாதிக் கூட்டத்தை உள்ளே விட்டிருந்தார்கள். பிட்ச் என்றால் பிட்சா அது, புழுதிக் காடு. அஸ்வின் பந்தில் டேன் லாரன்ஸ் இறங்கி வந்தார், பந்து கால்களுக்கு நடுவில் புகுந்து லெக் பக்கம் போனது. பந்த் அதற்கு முன்பே அந்தப் பக்கம் நகர்ந்திருந்தார். பிடித்து, முழு உடம்பையும் குறுக்கே எறிந்து பெயிலைத் தட்டினார். கடைசி விக்கெட் மொயின் அலியும் ஸ்டம்பிங்தான், குல்தீப் பந்தில். கையை வைத்துக் காத்திருக்கிற அந்தப் பொறுமை, மொஹாலியில் இல்லாதது, இரண்டே வருஷத்தில் வந்திருந்தது. ஜூனியர் அந்த லாரன்ஸ் ஸ்டம்பிங்கை போனில் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான். "கால் எப்ப நகத்துறான் பாருப்பா" என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

மாமாவிடம் சொன்னபோது, "அஸ்வின் போட்டா நான்கூடப் பிடிப்பேன்" என்றார். அப்ஜெக்‌ஷன் க்ளோஸ் ஆகவே ஆகாது.

அப்புறம் 2022 டிசம்பர் 30 விடியற்காலை, டெல்லியிலிருந்து ரூர்க்கி போகிற வழியில் கார் விபத்து. அன்றைக்கு மோதி பாக்கிலிருந்து வந்த சர்தார்ஜி கவுண்டரில் யாரோடும் பேசவில்லை. பந்தை வளர்த்த தாரக் சின்ஹா அதற்கு ஒரு வருஷம் முன்பே, 2021 நவம்பரில், காலமாகியிருந்தார். திரும்ப நடப்பாரா என்றெல்லாம் பேசினார்கள். 2024-ல் வந்தார். செப்டம்பரில் அதே சேப்பாக்கத்தில் பங்களாதேஷோடு 109, டெஸ்டில் ஆறாவது சதம். தோனி தன் டெஸ்ட் வாழ்க்கை முழுக்க அடித்ததும் ஆறுதான்.

டிசம்பரில் மெல்போர்ன். போலந்து பந்தைப் படுத்து உருண்டு பின்பக்கம் தூக்கப் போய் 28-ல் கேட்ச். முந்தின பந்தில் அதே ஷாட் அடித்து உடம்பில் வாங்கியிருந்தார். ஃபீல்டரும் அங்கேயே நின்றார். வர்ணனையில் கவாஸ்கர் முட்டாள்தனம் என்று மூன்று முறை சொன்னார். எனக்கும் டிவி மேல் ரிமோட்டை எறியலாம் போல்தான் இருந்தது. அதுவும் கடன் கொடுப்பதுதான், ஆனால் செக்யூரிட்டி இல்லாத கடன். ஆறே மாதத்தில் லீட்ஸ், 134-ம் 118-ம். ஒரே டெஸ்டில் இரண்டு சதம் அடித்த இரண்டாவது கீப்பர், முதல் ஆள் ஜிம்பாப்வேயின் ஆண்டி ஃப்ளவர், 2001-ல். அதே கவாஸ்கர் அதே மூன்று முறை, அபாரம் என்றார். மாமா முதல் மூன்றை மட்டும் நினைவு வைத்திருக்கிறார். சர்தார்ஜி (போன வருஷம் ரிடையர் ஆகிவிட்டார்) பின் மூன்றை. அந்த டெஸ்டில் நாம் தோற்றோம் என்பதை இருவருமே சௌகரியமாக மறந்துவிட்டார்கள்.

2025 ஜூலை, லார்ட்ஸ். முதல் நாளே பந்துக்கு இடது ஆள்காட்டி விரலில் அடி. கீப்பிங் செய்யப் பதிலாக த்ருவ் ஜுரேல் வந்தார். லார்ட்ஸில் பந்து மட்டையைத் தாண்டியபிறகும் ஆடிக்கொண்டே போகும், பிடிப்பது சிரமம். பை ரன்கள் போயின. 22 ரன்னில் தோற்றோம். மறுநாள் காலை நேரு பார்க்கில் மாமா என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தார்:

"பாத்தியோ? அந்தப் பையன் விட்ட பை ரன் மட்டும் இல்லேன்னா... பந்த் நின்னிருந்தா இப்படி ஆகுமா சொல்லு?"

நான் நடையை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். தமாஷ் செய்கிற முகமாகத் தெரியவில்லை. நிஜமாகவே வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

ராத்திரி ஜூனியருக்குப் போன் செய்தபோது இதைச் சொன்னேன். கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறான், முதல் வருஷம். டிபார்ட்மென்ட் டீமில் ஆடுவதாகத் தங்கமணி மூலம் தகவல், எந்த இடத்தில் நிற்கிறான் என்று நான் கேட்டதில்லை. மாமா கதையைக் கேட்டு ரொம்ப நேரம் சிரித்தான்.

"ஜுரேலுக்கு என்ன வயசுப்பா?"

"இருபத்திநாலு."

"ம்" என்றான். அப்புறம் மெஸ் ஃபீஸ் எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டான். கூடவே, கட்டிலுக்குக் கீழே இருக்கிற பையை யாரும் தூக்கிப் போட்டுவிட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னான்.